லீடர் அக்காவைப் புதைத்த மத்தியானம்

அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்த லீடர் அக்கா கண்ணை மூடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்துவிடும்படி பயிற்சியாளர் மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா கேன்டீன் கூரையில் சுற்றிய காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வரைக்கும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். ஏதோ ஒரு ஹோட்டலுடையது, கறை போகாமல் நாங்களே ஒதுக்கிப் போட்டது. தலைமாட்டில் ஒரு வாசனை மெழுகுவத்தி எரிந்தது. சுவரில் 'பயத்தைப் புதைப்போம், மாற்றத்தை வரவேற்போம்' என்று மூன்று மொழிகளில் பதாகை தொங்கியது. மத்தியானச் சாப்பாட்டின் சம்பல் வாடை இன்னும் அடங்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி, கையில் ஆளுக்கொரு காகிதப் பூவுடன் நாங்கள் வரிசையில் நின்றோம்.

மலேசியப் பக்கம் உலு திராமில் இருந்த அந்தத் தொழிற்சாலையை நாங்கள் லாண்ட்ரி என்போம். சிங்கப்பூர் ஹோட்டல்களில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளும், துடைத்துப் போட்ட துவாலைகளும் பாலம் தாண்டி லோரியில் எங்களிடம் வரும். துவைத்து, தேய்த்து, மடித்து அடுக்கினால் அதே பாலம் வழியாகத் திரும்பிப் போகும். துவைப்பதைப் பெரிய இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. தேய்க்கிற இடத்தில்தான் மனிதக் கை தேவைப்பட்டது. சூடேறிய நீளமான உருளைகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து இழுத்து, சுருக்கமில்லாமல் அவற்றுக்குள் விடவேண்டும். அந்த இடத்துக்கு 'ரோலர் வாய்' என்று பெயர். விரலுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சிவப்புக் கம்பி உண்டு. அதைத் தட்டினால் உருளை நின்றுவிடும். அங்கே நிற்பவர்களுக்கு மாலைக்குள் முகம் வெந்துவிடும், கை ரோமம் பொசுங்கிவிடும். வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்தாலும் தோலுக்கடியில் அந்தச் சூடு கிடக்கும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவியான லீடர் அக்கா லாயாங் லாயாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தார். கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டதாகப் பேச்சு. அதை அவரிடம் கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. மடிப்பில் விரல் அளவு கோணல் இருந்தாலும் அடுக்கையே தூக்கித் தரையில் போடுவார், நாங்கள் பொறுக்கி மறுபடி துவைக்கப் போடவேண்டும். கழிவறைக்குப் போகக் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். புதிதாக வந்த ஒரு நேப்பாளப் பெண் ஊர் நினைப்பில் அழுதபோது, "அழறதுன்னா டாய்லெட்ல போய் அழு. விரிப்புல தண்ணி சொட்டாத" என்றார். அது அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், இன்னொருத்தியைக் கூப்பிட்டு மலாயில் சொல்ல வைத்தார். புதிதாக வருகிற எல்லாரையும் நேரே ரோலர் வாயில்தான் நிறுத்துவார். அவர் அங்கே நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ரகம் பிரிப்பார், மடிப்பார், எண்ணுவார், கத்துவார். பதவி என்றால் அப்படித்தான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அவர்மேல் எங்களுக்கு இருந்த வெறுப்பை ஓரளவு தணித்துவைத்தது ஒரு பழைய கதை. நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. எங்கள் பிரிவிலேயே மூட்டை கட்டும் இடத்தில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார், எல்லாருக்கும் அவர் 'காக்', அதாவது அக்கா. அவருடைய வலது முன்கை முழுக்கப் பளபளப்பாகச் சுருங்கியிருக்கும். ரோலர் வாயில் நின்ற காலத்தில் ஈர விரிப்பு விரலைச் சுற்றிக்கொண்டு கையை உள்ளே இழுத்துவிட்டது. எதிரே நின்ற லீடர் அக்காதான் சிவப்புக் கம்பியைத் தட்டிக் கையை மீட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். காக்கும் அப்படித்தான் நம்பினார். ஒவ்வொரு ஹரி ராயா பெருநாளுக்கும் வீட்டிலிருந்து கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் இறைச்சியும் கொண்டுவந்து முதலில் லீடர் அக்காவிடம்தான் கொடுப்பார். அக்கா நன்றிகூடச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் நிர்வாகம் புது இயந்திரம் வாங்கப் போவதாகச் செய்தி வந்தது. விரிப்பின் இரண்டு முனைகளைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் போதும், அதுவே இழுத்து விரித்துத் தேய்த்து மடித்து மறுபக்கம் அடுக்கிவிடும். பெண்கள் பயந்துபோனார்கள். இத்தனை கைகளும் இனி எதற்கு என்ற பயம் அது. எங்களைத் தேற்றுவதற்காகவே மனிதவளப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் பெண்தான், எங்களுக்கு அவர் 'மிஸ்'. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தேநீர் நேரத்தில் பலகாரத்தோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொள்வார். "பயப்படறது தப்பு இல்லீங்க. உள்ளயே வச்சிக்கிறதுதான் தப்பு. என் ரூமுக்கு வாங்க, மனசு விட்டுப் பேசுங்க. அந்தக் கதவுக்கு வெளிய ஒரு வார்த்தை போவாது" என்பார். "ஒருத்தருக்கும் வேலை போவாது. நான் சொல்றேன்ல" என்பார். நாங்கள் நம்பினோம். வெகுகாலமாக எங்களிடம் யாரும் அப்படி மென்மையாகப் பேசியதில்லை.

இயந்திரம் வந்து பொருத்தி முடித்ததும் முதல் ஓட்டத்தைக் குழுத் தலைவிகள்தான் செய்துகாட்டவேண்டும் என்றார்கள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். மற்ற பிரிவுகளின் தலைவிகள் சிரித்துக்கொண்டே மாட்டினார்கள். விரிப்பு சட்டென்று கையைவிட்டுப் பறந்துபோனது, எல்லாரும் கைதட்டினோம். லீடர் அக்காவின் முறை வந்தது. முனைகளைக் கிளிப்பில் மாட்டியவர் பிடியை விடவில்லை. இயந்திரம் இழுத்தது. அவரும் இழுத்தார். இரண்டு அடி முன்னால் இழுபட்டுப் போய், தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டார். விரிப்பு நடுவில் கிழிந்தது. இயந்திரம் தானாக நின்று மஞ்சள் விளக்கை அணைத்து அணைத்து எரித்தது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தோம். அக்கா கிழிந்த பாதியைக் கையில் பிடித்தபடி நின்றார். ரோலர் வாய்க்கு அவர் ஏன் வருவதேயில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. எங்களையெல்லாம் எங்கே நிறுத்திவைத்திருந்தார் என்பதும்தான்.

மிஸ் அவர் தோளில் கை போட்டுத் தன் அறைக்கு அழைத்துப்போனார். கதவு சாத்தியிருந்தது. அக்கா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது தெரிந்தது. யாரையும் திட்டாமல் அன்று மாலை வரைக்கும் வேலை பார்த்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது. மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார் போல என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் வந்தார். 'கோச்' என்று கூப்பிடச் சொன்னார். தமிழர், காலில் பளபளக்கும் சப்பாத்து, ஒரு வாக்கியத்தில் மூன்று மொழி பேசுவார். முதலில் பாட்டுப் போட்டு எங்களைக் கைதட்ட வைத்தார், ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துவிட வைத்தார். பிறகு கேன்டீன் விளக்கைப் பாதி அணைத்துவிட்டு, "இந்த ஹால்ல மாற்றத்துக்கு ரொம்பப் பயப்படற ஆள் யாரு? கை காட்டுங்க, லா. இது குடும்பம், வெக்கப்படாதீங்க" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு விரல் நீண்டது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹால் முழுக்க விரல்கள் ஒரே திசையில் நீண்டன. நானும் நீட்டினேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

அக்கா எழுந்து முன்னால் போனார். வேறென்ன செய்யமுடியும்? மிஸ் மேடையோரம் நின்று அவருக்குக் கைதட்டினார். கோச் அக்காவின் தோளைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பி நிறுத்தினார். "இவங்க ஒரு கதை சொன்னாங்க. நம்ம எல்லாருக்கும் பாடமா இருக்கட்டும்னுதான் இங்க சொல்றேன்" என்று ஆரம்பித்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் புன்னகையோடு தலையசைத்தார், ஊசி போடும்போது குழந்தையைப் பார்த்துத் தலையசைப்பதுபோல.

"பல வருஷம் முன்னாடி ஒரு சிஸ்டரோட கை ரோலர்ல போயிருச்சு. எதிர்ல நின்னது இவங்க. சிவப்புக் கம்பி இவங்க கைக்குப் பக்கத்துல. ஒரு தட்டு தட்டினா போதும். தட்டினாங்களா?" அவர் நிறுத்தி எங்களைப் பார்த்தார். "இல்ல. கை மரத்துப் போச்சு. அப்படியே நின்னாங்க. லோரியில சாமான் ஏத்த வந்த ஒரு ஆள் ஓடிவந்து தட்டினாரு. அந்தக் குற்ற உணர்ச்சியைத்தான் இத்தனை வருஷமா இவங்க சுமந்துக்கிட்டு இருக்காங்க. பயம் என்னா செய்யும்னு பாத்தீங்களா?"

கூட்டத்தில் காக் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாத் தலைகளும் திரும்பின. மூட்டை கட்டும் பெண்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். கோச் தமிழில் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவள் காதோரம் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். காக் நீண்டகைச் சட்டையின் வலது முனையை மெல்ல மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெட்டி அப்போதுதான் வந்தது. புது இயந்திரத்தின் உதிரிப் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டி, நீளவாக்கில் வெட்டி ஒட்டியிருந்தது. "இன்னைக்கு நம்ம ஒரு சாவு வீடு நடத்தப் போறோம். பயந்த அக்கா சாகப் போறாங்க. புது அக்கா எழுந்து வரப்போறாங்க!" என்றார் கோச். சிரித்தவர்கள் பலர். மலாய்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாசமாக இருந்த ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றியதும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது, அடங்கிவிட்டது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டிக்குள் காலை நீட்டிப் படுத்தார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. மறுத்திருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். தன்னைப் பற்றிய அந்தக் கதை வெளியே வந்த பிறகு நிற்பதைவிடப் படுப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஒவ்வொருவராக வந்து பூவைப் போட்டு, செத்துப்போன அக்காவுக்கு ஒரு வாக்கியம் சொல்லி வழியனுப்பவேண்டும். முதலில் வந்தவர்கள் கூச்சத்தோடு "போய்ட்டு வாங்க அக்கா" என்றார்கள். பலர் ஒன்றும் சொல்லாமல் பூவை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மடிப்பு மேசையிலிருந்து, கூடுதல் நேர வேலைக்கு அலைகிற ஒருத்தி வந்து, "ஓ.டி. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிற அக்கா போனாங்க" என்று விளையாட்டாகச் சொன்னதும் ஹாலில் சிரிப்பு வெடித்தது. கோச் துள்ளிக் குதித்தார். "சூப்பர்! வெளிய விடுங்க, எல்லாத்தையும் வெளிய விடுங்க!" அதற்குப் பிறகு பெண்கள் வெளியே விட்டார்கள். காய்ச்சலோடு வந்தவளை நிற்க வைத்தது. பிள்ளைக்குப் பள்ளியில் அடிபட்ட நாளில் விடுப்புக் கொடுக்காதது. ஒருத்தியை எல்லார் முன்னாலும் நாற்றமடிக்கிறாள் என்றது. சொல்லச் சொல்லக் குரல்களில் விளையாட்டு குறைந்துகொண்டே போனது. அந்த நேப்பாளப் பெண் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. அக்கா கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. நான் சேர்ந்த முதல் வருஷம், ஒருநாள் காலையில் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குள் நுழையவேண்டும் என்பது விதி. அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே கணக்கெழுதும் கிராணி வந்து லீடர் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது நாங்கள் காலைப் பசியாறிவிட்டு வந்து ரோலரை ஓட்ட ஆரம்பித்திருந்தோம். அக்கா என்னிடம் சொன்னது ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றும்போது. "உங்கப்பாவுக்கு முடியலயாம். ஆஸ்பத்திரிக்குப் போ." நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்ததாகவும், வாசலைப் பார்த்துப் பார்த்து என்னைக் கேட்டதாகவும் அம்மா சொன்னார். அந்த நேரத்தில் நான் ரோலர் வாயில் நின்று யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்துக்கொண்டுதான் அக்கா மடித்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "எங்கப்பா சாகக் கெடக்கறாருன்னு தெரிஞ்சும் ஷிப்ட் முடியற வரைக்கும் சொல்லாத அக்கா செத்தாங்க. நல்லா சாகட்டும்." மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது. அக்காவின் கண் காற்றாடியை விட்டு முதல் தடவையாக என் பக்கம் திரும்பியது. அதில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

எனக்குப் பின்னால் காக் நின்றிருந்தார். அவர் பூவைப் போடவில்லை. பெட்டியருகே மண்டியிட்டு உட்கார்ந்து, தழும்பேறிய கையாலேயே விரிப்பை விலக்கி, "பாங்குன் லா, அக்கா. மாலு" என்றார். எழுந்திருங்க அக்கா, மானம் போகுது என்று அர்த்தம். சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். யாருக்காக அழுதார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா அவரைப் பார்க்காமல் விரிப்பைத் திரும்பக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கோச் மைக்கில் பத்து வரைக்கும் எண்ணி முடித்ததும் அக்கா எழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மேலே கிடந்த காகிதப் பூக்களைத் தட்டிவிட்டு, போர்த்தியிருந்த விரிப்பை உதறி, முனையோடு முனை சேர்த்து, மார்போடு வைத்து நீவி, கையாலேயே மடித்தார். மிஸ்ஸின் கையில் கொண்டுபோய் வைத்தார். "எப்படி இருக்கு? லேசா இருக்கா?" என்று மிஸ் கேட்டார்.

"செத்தவளுக்கு என்னா கனம் மிஸ்" என்றார் அக்கா.

அன்று மாலை எங்களில் பலர் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கமாகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். நானும் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் அக்கா எங்களுக்கு முன்பே வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றார். முனையை மாட்டினார், விட்டார். மாட்டினார், விட்டார். வாரக்கடைசிக்குள் அவரைவிட வேகமாக அதை ஓட்ட ஒருவரும் இல்லை. பயிற்சி பலித்துவிட்டது என்பது உண்மை. அதை நான் மறுக்கமாட்டேன். கட்டைவிரலை உயர்த்தியபடி இயந்திரத்தின் பக்கத்தில் அக்கா நிற்கும் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். மிஸ்ஸுக்குப் பதவி உயர்ந்தது.

ஆனால் பயம் போன அக்கா, பயந்த அக்காவைவிடக் கொடுமையாக இருந்தார். பெட்டியைச் சுற்றி நின்று யார் எதைச் சொன்னார்கள் என்பதை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தார். ஓ.டி. கேட்டவளுக்கு ஓ.டி.யாகக் கொடுத்தார், அவள் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். காய்ச்சலைச் சொன்னவள் ஒரு தும்மல் போட்டாலும் "வீட்டுக்குப் போ, சம்பளம் இல்ல" என்றார். கெஞ்சினால், "யாருகிட்ட கெஞ்சற? உங்க அக்காவத்தான் புதைச்சிட்டீங்களே" என்பார். மிஸ் ஒருநாள் கூப்பிட்டுக் கண்டித்தபோது, வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்கும்படி, "பயத்தை எடுத்தது நீங்கதான் மிஸ். இப்போ கொஞ்சம் பயப்படுன்னா எப்படி லா?" என்றார். எனக்கு மட்டும் எந்தப் பதிலும் வரவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காத்திருப்பே ஒரு தண்டனையாக இருந்தது.

வருஷம் திரும்புவதற்குள் நாங்கள் பயந்தது நடந்தது. பாதிப் பேர் தேவையில்லை என்றது நிர்வாகம். பிரிவில் யார் இருப்பது, யார் போவது என்பதை லீடரே முடிவு செய்து சொல்லவேண்டும் என்று உத்தரவு. சொல்லவேண்டிய நாளில் மிஸ் விடுப்பில் இருந்தார். அக்கா இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தியின் முன்னாலும் போய் நின்று, "நீ இரு", "நீ போ" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னார். தன்னைத் திட்டியவர்களைத்தான் முதலில் தூக்குவார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். திட்டியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் பூவை மட்டும் போட்டவர்கள்தான் போனார்கள். அவர்களில் ஒருத்தி, சண்டையே தெரியாத சாது, "நான் உங்கள ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா" என்று அழுதாள்.

"அதுக்குத்தான். உங்களுக்கெல்லாம் வாய் வராது. நாளைக்கு ஒருத்தி கை மாட்டுனாலும் பேசாம நிப்பீங்க. நான் நின்னேன்ல" என்றார் அக்கா.

அது நியாயமா அநியாயமா என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. என் முன்னால் வந்து "நீ இரு" என்றார். காக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நீ போ" என்றார். காக் அலமாரியைத் திறந்து தன் கைப்பையையும் தொழுகைத் துணியையும் எடுத்துக்கொண்டு போனார். நான்தான் அக்காவின் பின்னாலேயே ஓடி, "காக் பேசினாங்களே. எழுந்திருங்கன்னு அவங்கதானே சொன்னாங்க" என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார். "திட்டறவ மூஞ்சிய தெனம் பாத்துறலாம். அவ என்னைப் பாத்துப் பாவப்படறா. என்னால முடியாது." அந்த ஹரி ராயாவுக்கு லாண்ட்ரிக்குள் ரெண்டாங் வாசனை வரவில்லை.

கடைசியில் மிஸ்ஸின் வேலையையும் சிங்கப்பூர் தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டது. அவர் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா முட்டி தேய்ந்து நிற்கமுடியாமல் போகும்வரை வேலை பார்த்துவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். இப்போது நான்தான் லீடர். புதிதாக வருகிறவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் தம்பியின் கல்யாணப் பத்திரிகையோடு பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். அக்கா அங்கே மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நடந்ததெல்லாம் தெரிந்த அம்மாதான் சொன்னார். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. "வா. என்னா, தலை நரைச்சிருச்சு?" என்றார். பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். பெற்றோர் பெயர் இருந்த வரியில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சிட்டிருந்தது. அவர் விரல் அந்த இடத்தில் நின்றது.

"அன்னைக்கு ரெண்டு பேரு லீவு," என்றார் எந்த முன்னுரையும் இல்லாமல். "உன்ன அனுப்பிட்டா ரோலர் வாய்ல நிக்க ஆளு இல்ல. நான்தான் நிக்கணும். காலையிலேருந்து சொல்லலாம் சொல்லலாம்னு உன் பக்கத்துல வந்துட்டு வந்துட்டுப் போனேன். முடியல. பயமா இருந்துச்சு. அவ்ளோதான்."

இத்தனை வருஷமாக நான் அதற்கு எத்தனையோ காரணங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். லோரி கிளம்பும் நேரம் என்றோ, என்மேல் தனிக் கோபம் என்றோ, மனசில் ஈரமே இல்லாத பிறவி என்றோ. ஒவ்வொன்றையும் வைத்து அவரை வெறுக்கப் பழகியிருந்தேன். அவர் சொன்னது அத்தனையையும்விடச் சின்னதாக இருந்தது. என் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே செத்ததற்குக் காரணம் அவ்வளவு சின்னதாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"மிஸ் கேட்டாங்களே, லேசா இருக்கான்னு," அக்கா தொடர்ந்து பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை. "பயம் இருந்த வரைக்கும் எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சிச்சு. வேற ஒண்ணும் கண்ணுல படல. அது போனதும்தான் எல்லாம் தெரிய ஆரம்பிச்சது. காக் கை. உங்கப்பா. நீ சிரிச்சிக்கிட்டு நின்னது. அதுக்குப் பயமே தேவலாம் போல."

மகள் தேநீர் கொண்டுவந்தாள். நான் எழுந்துவிட்டேன். ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால் தட்டை நீட்டி, "கண்டிப்பா வந்துடணும்" என்று வாயால் கூப்பிடுவதுதான் அழைப்பு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து மின்தூக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு நின்றேன்.

"ஏய்," என்று உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. "கூப்புடாம போறியே."

மின்தூக்கி வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.